விரல் நுனியால் ஆடும் தொட்டில்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் செய்யக்கூடிய எளிய தியானம்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே கடற்பாலத்துப் பக்கம் மோட்டார்சைக்கிள்களின் இரைச்சல் எழுந்துவிடும். ஆறு மணி வாக்கில் குயில்கள் கத்த ஆரம்பிக்கும். ஒன்பது மணிக்கு மேல்மாடியில் யாராவது சுவரைத் துளைப்பார்கள். நடுவில் செம்பவாங் தளத்து ஹெலிகாப்டர் ஒன்று கூரைக்கு மேல் போகும். "இதெல்லாம் அடங்கட்டும், அப்புறம் உட்காரலாம்" என்று தியானத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பலரை எனக்குத் தெரியும். பல வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

இந்த அத்தியாயத்தில் வரும் முறைக்கு அமைதியான வீடு தேவையில்லை. தனி அறை, சம்மணம் போடும் முழங்கால், மனத்தை அடக்கும் வைராக்கியம், இவையும் தேவையில்லை. ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், மனத்துக்குள் சொல்ல ஒரு சிறு சொல், இருபது நிமிடம். இவ்வளவுதான்.

எங்கிருந்து வந்த முறை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லை மனத்துக்குள் மெதுவாக உருட்டுவது இந்தியாவில் மிகப் பழைய பழக்கம். இதில் முயற்சியே கூடாது என்பதை உலகமெங்கும் கொண்டுபோனவர் மகரிஷி மகேஷ் யோகி. 1958-இல் முதல் உலகப் பயணம் கிளம்பிய அவர் ரங்கூன், பினாங்கு, கோலாலம்பூர் என்று வந்து சிங்கப்பூரிலும் தங்கிப் பேசிவிட்டுத்தான் ஹாங்காங், ஹவாய் பக்கம் போனார். ஆழ்நிலைத் தியானம் என்ற அவருடைய முறையைப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் நேரில்தான் கற்க வேண்டும். மந்திரத்தையும் அந்த ஆசிரியரே தருவார்.

அந்த முறையைச் செய்துவந்த 36 பேரை ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சனும் ராபர்ட் கீத் வாலஸும் ஆராய்ந்து 1972-இல் கட்டுரை எழுதினார்கள். மூச்சின் வேகம் குறைகிறது, உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் குறைகிறது என்று கண்டார்கள். 1975-இல் பென்சன் ஒரு புத்தகம் எழுதினார். எந்தச் சமயச் சொல்லாக இருந்தாலும், வெறும் எண்ணாக இருந்தாலும் உடல் இதேபோல் தளரும் என்று சொல்லி, வீட்டில் தானே செய்துகொள்ளும் படிகளை அதில் கொடுத்தார். கீழே நான் தருவது அந்தப் பொதுவான முறையின் வழியில் வந்தது. ஆழ்நிலைத் தியானம் என்று இதை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இடம்

உங்கள் வீட்டில் ஏற்கனவே இருக்கும் ஒரு நாற்காலியே போதும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், தலைக்கு வேண்டாம். தலை சாய்ந்தால் ஐந்தாவது நிமிடம் தூக்கம் வந்துவிடும். பாதம் இரண்டும் தரையில் படியட்டும். ஓட்டுத் தரையின் குளிர்ச்சி ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு துண்டை மடித்துக் காலடியில் போட்டுக்கொள்ளலாம். மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் அடிக்காத பக்கமாக நாற்காலியைத் திருப்பிவையுங்கள். கண்ணை மூடியிருக்கும்போது அது வறட்டிருமலைக் கிளப்பும்.

பூசை அலமாரி முன்னால்தான் உட்கார வேண்டும் என்பது இல்லை. வீட்டார் குறுக்கும் நெடுக்கும் போகாத மூலை எதுவோ, அதுவே நல்ல இடம்.

கவனிக்க: வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டரை (தஞ்ச அறையை) தியான அறையாக்கும் யோசனை பலருக்கு வருகிறது. சத்தம் உள்ளே வராதுதான். ஆனால் அந்த இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் காற்றோட்டம் மிகக் குறைவு. அங்கே உட்காருவதானால் கதவைத் திறந்தே வையுங்கள். விளக்கு, ஊதுவத்தி, சாம்பிராணி எதையும் அதற்குள் கொளுத்தவே வேண்டாம். மற்ற அறைகளிலும், கண்ணை மூடுவதற்கு முன் எரியும் விளக்கைத் திரைச்சீலையிலிருந்து தள்ளிவையுங்கள். குளிரவைத்துவிடுவதே இன்னும் நல்லது.

நேரம்

ஒரு நாளைக்கு இரண்டு முறை. காலையில் எழுந்து முகம் கழுவியதும், காப்பிக்கு முன்னால் ஒன்று. மாலையில் வேலைவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொன்று. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் போகட்டும். பசி காதை அடைத்தால் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு உட்காரலாம்.

பிரம்ம முகூர்த்தம் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதில் அடிபட்டிருக்கிறேன். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் "நாலரைக்கு எழுந்தால்தான் பலன்" என்றார். நானும் எழுந்தேன். மூன்று வாரம் நடந்தது. மதியத்தில் தலைவலி, ரயிலில் நின்றுகொண்டே தூக்கம், வீட்டில் எரிச்சல். பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிவது. அதற்குக் கடிகார மணி என்று ஒன்று கிடையாது, உதயம்தான் கணக்கு. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1-ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துக்கொண்டது. நம் தீர்க்கரேகைக்கு உரிய நேரத்தைவிட இன்று நம் கடிகாரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால்தான் இங்கே ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில் விடிகிறது. ஏழு மணிக்கு உதயம் என்றால் முகூர்த்தம் 5.24-லிருந்து 6.12 வரை. ஐந்தரைக்கு எழுபவர் எல்லாரும் அதில்தான் எழுகிறார்கள்.

அதையும்கூடக் கட்டாயமாக்காதீர்கள். தூக்கத்தை வெட்டித் தியானத்துக்குக் கொடுக்கக் கூடாது. இரவு வேலை பார்ப்பவருக்குப் பிற்பகல் மூன்று மணிதான் காலை. அவர் மூன்றுக்கு எழுந்து மூன்றேகாலுக்கு உட்காரட்டும்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது

ஓரசை, ஈரசையில் முடிகிற சொல்லாக இருக்கட்டும். சொல்லிப் பார்த்தால் வாய்க்கு மென்மையாக இருக்க வேண்டும். ஓம் என்பவர்கள் ஓம் சொல்லலாம். வேறு சமயத்தவர் தங்கள் வழிபாட்டிலிருந்து ஒரு சிறு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். சமயமே வேண்டாம் என்பவர்க்குப் பென்சன் சொன்ன யோசனை, 'ஒன்று' என்ற எண். தமிழில் அந்தச் சொல் கடைசியில் கொஞ்சம் முட்டுகிறது; 'ஒன்' என்று நிறுத்திக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகிறது.

பிள்ளையின் பெயர், இறந்துபோனவர் பெயர், உங்களை ஆட்டிவைக்கும் ஆசையின் பெயர் வேண்டாம். அவை நினைவுகளை வரிசையாக இழுத்துவரும். 'அமைதி', 'நிம்மதி' போன்ற சொற்களையும் நான் பரிந்துரைப்பதில்லை. சொல்லச் சொல்ல, வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று மனம் பார்க்க ஆரம்பித்துவிடும்.

ஒருமுறை எடுத்த சொல்லை மூன்று மாதத்துக்கு மாற்றாதீர்கள்.

செய்முறை

1. கைத்தொலைபேசியை அதிர்வும் இல்லாதபடி நிறுத்திக் கவிழ்த்துவையுங்கள். கண்ணுக்கு நேரே ஒரு கடிகாரம் இருக்கட்டும். அலாரம் வேண்டாம், உள்ளே தளர்ந்திருக்கும் நேரத்தில் அது அடித்தால் நெஞ்சு திடுக்கென்று ஆகும்.

2. வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். "இருபது நிமிஷம் கூப்பிடாதீங்க, அவசரம்னா தோளைத் தொடுங்க" என்று சொன்னால் போதும்.

3. நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வையுங்கள். இடுப்புப் பட்டை, கைக்கடிகாரம் இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள்.

4. கண்ணை மூடுங்கள். அரை நிமிடம் எதுவும் செய்ய வேண்டாம்.

5. பாதத்திலிருந்து மேலே ஒருமுறை கவனத்தை ஓட்டுங்கள். கெண்டைக்கால், தொடை, வயிறு, தோள், தாடை. எங்கே இறுக்கம் தெரிகிறதோ அங்கே தளர விடுங்கள். தாடையை மறக்காதீர்கள், பெரும்பாலோர் பல்லைக் கடித்தபடிதான் உட்கார்ந்திருக்கிறோம்.

6. மூச்சை அதன் போக்கில் விட்டுவிட்டு, சொல்லை மனத்துக்குள் சொல்லத் தொடங்குங்கள். நாக்கும் உதடும் அசைய வேண்டாம்.

7. சொல் எப்படிப் போகிறதோ அப்படிப் போகட்டும். வேகமாகும், மெதுவாகும், மங்கும், சில சமயம் காணாமலே போகும். பிடித்துவைக்க வேண்டாம்.

8. மனம் வேறெங்கோ போய்விட்டது என்று தெரிந்ததும், சொல்லை மறுபடி மெல்லத் தொடங்குங்கள்.

9. நேரம் ஆகியிருக்குமோ என்று தோன்றினால் அரைக்கண்ணால் கடிகாரத்தைப் பாருங்கள். ஆகவில்லை என்றால் மூடிக்கொண்டு தொடருங்கள்.

10. நேரம் முடிந்ததும் சொல்லை நிறுத்துங்கள். கண்ணைத் திறக்காமல் இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். விரல்களை அசையுங்கள், கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்திருங்கள்.

முதல் வாரம் பத்து நிமிடம், இரண்டாம் வாரம் பதினைந்து, மூன்றாம் வாரத்திலிருந்து இருபது. அதற்கு மேல் வேண்டாம்.

எட்டாவது படி

முறை முழுவதும் எட்டாவது படியில்தான் இருக்கிறது. தவறுவதும் அங்கேதான்.

பிள்ளை பெற்ற வீடுகளில் ஸ்பிரிங் போட்டுத் தொங்கவிடும் சாரோங் தொட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் பலம் கொண்டு ஆட்டுவதில்லை. விரல் நுனியால் ஒரு தட்டு. பிறகு ஸ்பிரிங்கே மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். ஆட்டம் நின்று பிள்ளை சிணுங்கினால் இன்னொரு தட்டு. பதறி ஓங்கி இழுத்தால் பிள்ளை விழித்துக்கொண்டு அழும். சொல்லை அந்தத் தட்டுப் போலச் சொல்ல வேண்டும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே எத்தனை நேரம் போனாலும் குற்றமில்லை.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் கைகால் அசைக்க வரும் அக்கா ஒருவர், துப்புரவு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒருநாள் கேட்டார்: "தம்பி, கண்ண மூடினா மனசு நிக்க மாட்டேங்குது. மார்சிலிங் சந்தைக்குப் போவுது, மீன் வெலை கேக்குது. எனக்கெல்லாம் இது வராதுப்பா."

"போனது எப்பத் தெரிஞ்சுது அக்கா?"

"மீன வாங்கினப்புறம்தான்."

"தெரிஞ்சதும் சொல்லுக்கு வந்தீங்களா?"

"வந்தேன். திரும்பக் கறிவேப்பிலை வாங்கப் போயிடுச்சு."

அவர் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார். மனம் சந்தைக்குப் போவதும் பயிற்சியில் சேர்ந்ததே. போனது தெரியவருகிறதே, அந்தக் கணத்தில் உங்களைத் திட்டிக்கொள்ளாமல் சொல்லுக்கு வருவதுதான் செய்ய வேண்டிய ஒரே வேலை. இருபது நிமிடத்தில் ஐம்பது தடவை போய் ஐம்பது தடவை வந்தாலும் அன்றைய தியானம் முழுமையாக நடந்திருக்கிறது. "ஐயோ, மறுபடியும் போயிட்டேனே" என்ற அலுப்பு வந்தால், அதையும் இன்னொரு நினைவாக எண்ணி விட்டுவிட்டுச் சொல்லுக்கு வாருங்கள்.

சத்தம்

சத்தத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். காதில் விழட்டும். மின்தூக்கிக் கதவு, பக்கத்து வீட்டு வானொலியில் மாலைத் தொழுகைக்கான பாங்கு, கீழே பந்து விளையாடும் பிள்ளைகள், எது கேட்டாலும் "கேட்கிறது" என்பதோடு விட்டுவிட்டுச் சொல்லுக்கு வரலாம். காதில் பஞ்சு வைப்பது, சத்தத்தை மறைக்க இசை போடுவது இரண்டும் வேண்டாம். இசை இருந்தால் மனம் இசையைப் பிடித்துக்கொள்ளும்.

சுவர் துளைக்கும் சத்தம் மட்டும் சிலருக்குத் தாங்காது. ஓடு உடைப்பது, சுவர் இடிப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகளுக்கு வீவக வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி தருகிறது. சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கிடையாது. மின்தூக்கி அருகில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் எந்த வீட்டில் எத்தனை நாள் வேலை என்று இருக்கும். அதைப் பார்த்து உங்கள் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் செய்யும் தவறுகள்

• மனத்தைக் காலியாக்கப் பார்ப்பது. தியானத்தில் வரும் தலைவலிக்கு இதுதான் முதல் காரணம். நெற்றி சுருங்குவது தெரிந்தால் சொல்லை விட்டுவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.

• சொல்லை மூச்சோடு இறுக்கிக் கட்டுவது. தானாகச் சேர்ந்து ஓடினால் ஓடட்டும். நீங்கள் சேர்க்க வேண்டாம்.

• எண்ணுவது, ஜபமாலை உருட்டுவது. அது வேறு சாதனை. தனியாகச் செய்யுங்கள்.

• அரிப்பைத் தாங்கிக்கொண்டு சிலைபோல் இருப்பது. சொறிந்துகொள்ளுங்கள். கால் மரத்தால் மாற்றி வையுங்கள். கொசு கடித்தால் தட்டிவிடுங்கள். டெங்கி உள்ள ஊர் இது.

• ஒளி தெரிகிறதா, தெய்வம் தெரிகிறதா என்று காத்திருப்பது. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சொல்லுக்கு வருவதே வேலை.

• நன்றாக இருக்கிறதே என்று ஒரு மணி நேரம் உட்காருவது. தொடக்கத்தில் இது பலருக்கு எரிச்சலையும் கலக்கத்தையும் கொண்டுவருகிறது.

• தூங்கிவிட்டதற்காக வருந்துவது. உடலுக்குத் தூக்கம் தேவைப்பட்டிருக்கிறது, எடுத்துக்கொண்டது. தினமும் தூங்கினால் இரவில் அரை மணி முன்னதாகப் படுங்கள்.

விடுதியில் இருக்கும் தம்பிகளுக்கு

உட்லண்ட்ஸ் வட்டாரத்து ஊழியர் விடுதிகளில் இருக்கும் தமிழ்நாட்டுத் தம்பிகள் சிலர் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சந்திக்கும்போது என்னிடம் கேட்பதுண்டு: "அண்ணே, ஒரே ரூம்ல பத்துப் பேர் இருக்கோம், எங்க உக்கார்றது?"

கீழ்க்கட்டில் உங்களுடையது என்றால் சுவரில் தலையணையைச் சாத்தி முதுகைக் கொடுத்து, காலைத் தொங்கவிட்டு உட்காருங்கள். மேல்கட்டில் என்றால் அங்கே வேண்டாம்; கண்ணை மூடித் தளர்ந்த நிலையில் விளிம்பு தெரியாது. சாப்பாட்டு மேசையிலோ மாடிப்படித் திருப்பத்திலோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தால் போதும். லாரி ஏறும் அவசரத்தில் காலையில் இருபது நிமிடம் வராது. பத்து வைத்துக்கொள்ளுங்கள், வேலைவிட்டு வந்து குளித்ததும் இருபது. ரூமில் ஒருவரிடம் மட்டும் சொல்லிவையுங்கள், மற்றவர்கள் கிண்டல் இரண்டு நாளில் ஓய்ந்துவிடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. வேலைத்தளத்தில், ஓய்வு நேரத்திலும்கூட, இதைச் செய்யாதீர்கள். கண் திறந்த பிறகும் சில நிமிடம் உடல் சுறுசுறுப்புக்குத் திரும்பியிருக்காது. சாரத்தில் ஏறவோ பாரந்தூக்கி அருகில் நிற்கவோ அந்த நிலை ஆகாது.

பாதுகாப்பு

என் அத்தை இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். ஒருநாள் மாலை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது வாசல்மணி அடித்தது. சட்டென்று எழுந்தார், தலை சுற்றி அலமாரி விளிம்பில் நெற்றி மோதியது. மூன்று தையல் போட்டார்கள். பத்தாவது படியில் இரண்டு மூன்று நிமிடம் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். மணி அடித்தால் அடிக்கட்டும். வந்தவர் இன்னொரு முறை அடிப்பார்.

இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. பலதுறை மருந்தகத்துக்கு அடுத்த முறை போகும்போது "தினமும் தியானம் செய்கிறேன்" என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் உட்காராதீர்கள். படபடப்பு, வியர்வை, கைநடுக்கம் வந்தால் தியான அனுபவம் என்று நினைத்துத் தொடராமல் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள்.

சிலருக்குக் கண்ணை மூடினால் பழைய துக்கம் பொங்கி அழுகை வரும். சிறிது அழுது ஓய்ந்தால் நல்லது. பயம் கூடினால், மூச்சு முட்டினால், கொடுமையான பழைய நினைவு திரும்பத் திரும்ப வந்தால் கண்ணைத் திறந்து, காலைத் தரையில் அழுத்தி, அறையில் இருக்கும் பொருள்களைப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள். அன்றைக்கு அத்துடன் நிறுத்துங்கள். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவருபவர்கள், குரல்கள் கேட்ட அனுபவம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் வந்தால் தியானத்தால் சரிசெய்யப் பார்க்காதீர்கள்; அந்த நேரத்தில் மனிதக் குரல்தான் வேண்டும். சிங்கப்பூரில் எஸ்.ஓ.எஸ். அமைப்பின் 1767 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

முதல் மூன்று வாரம்

ஒரு பழைய நாட்காட்டியில் உட்கார்ந்த நாளுக்கு மட்டும் ஒரு கோடு போடுங்கள். நன்றாக இருந்ததா, இல்லையா என்று எழுதாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது பலன் தேடினால் கிடைக்காது. கிடைப்பது வேறு நேரத்தில்: மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது கால் தட்டாமல் நிற்பீர்கள், அல்லது பிள்ளை மதிப்பெண் அட்டையை நீட்டும்போது முதல் வார்த்தை வேறாக வரும். உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் வீட்டில் இருப்பவருக்குத் தெரியும்.

விட்டுப்போகும் நாட்கள் வரும். தீபாவளி வாரம், ஊரிலிருந்து விருந்தாளி, பிள்ளைக்குக் காய்ச்சல். விட்டதை ஈடுகட்ட மறுநாள் நாற்பது நிமிடம் உட்கார வேண்டாம். ஒரு வாரம் விட்டிருந்தால் பத்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு மாதம் விட்டிருந்தாலும் அதே பத்து நிமிடம், அதே நாற்காலி, அதே சொல்.